செய்தி படித்து ஆங்கிலம் கற்றேன்: ஒரு 1,499 ரூபாய்ச் சந்தாவும் இரண்டு இலவசத் தளங்களும்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலை என்றால் முக்கால்வாசி மெயில்தான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில், பையரின் டாக்கா ஆபீசுக்கு மெயில், சாயப்பட்டறையில் துணி மாட்டிக்கொண்டால் மன்னிப்பு மெயில். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன், இலக்கணத்தை ஒரு மாதிரி ஒப்பேற்றிவிடுவேன், சொல்தான் வறட்சி. 'பிராப்ளம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன், அதில் எனக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

2024 ஜூனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தினமும் ஒரு உலகச் செய்தி, அதில் பத்துச் சொல், மூன்றே மாதத்தில் சொல் பஞ்சம் தீரும், கட்டணம் 1,499 ரூபாய். சேர்ந்தேன். வகுப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே அச்சில் வார்த்த மாதிரி இன்னும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றை மட்டும் இழுத்துத் தெருவில் நிறுத்துவானேன். ஆனால் சேரலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு விவரமாகவே சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். அரைப் பக்கச் செய்தி, பத்துச் சொல் தடித்த எழுத்தில், பக்கத்தில் தமிழ்ப் பொருள், கீழே 'இதே பொருள் தரும் பிற சொற்கள்' என்று ஒரு கட்டம். கூடவே நான்கு நிமிடக் குரல் பதிவு. ஞாயிற்றுக்கிழமை இருபது மதிப்பெண் தேர்வு. செய்திகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நாட்டுப் போராட்டம், ஆட்சிக் கவிழ்ப்பு, பக்கத்து நாடு படை அனுப்பியது என்றுதான் இருக்கும். ஏன் சார் எப்பப் பார்த்தாலும் அடிதடி என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு, அதில்தான் வினைச்சொல் அதிகம் என்றார் ஆசிரியர்.

அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பட்ஜெட் செய்தி படித்தால் எண்ணும் சதவீதமும்தான் மிஞ்சும். போராட்டச் செய்தியில் ஆட்கள் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள்: ஊர்வலம் போகிறார்கள், கலைக்கப்படுகிறார்கள், தடையை மீறுகிறார்கள், பிடித்து வைக்கப்படுகிறார்கள், தப்பி ஓடுகிறார்கள். மார்ச், டிஸ்பர்ஸ், டிஃபை, டிடெய்ன், ஃப்ளீ. இந்த ஐம்பது அறுபது சொல்தான் எந்த நாடானாலும் சுற்றிச் சுற்றி வருகிறது. கொழும்பில் 2022-இல் பார்த்த அதே சொற்களை டாக்காவில் 2024-இல் பார்க்கலாம், காத்மாண்டுவில் 2025-இல் மறுபடியும் பார்க்கலாம், ஊரும் பேரும்தான் மாறும். மூன்றாவது முறை பார்க்கும்போது அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. டிவியில் காட்சியையும் பார்த்திருப்போம், அதனால் பொருள் தானாக ஒட்டிக்கொள்கிறது. அப்போதைய இலங்கை அதிபர் கோத்தபயவின் மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்ததைப் பார்த்தவனுக்கு 'ஸ்டார்ம்' என்பதற்குப் புயலைத் தவிர, கூட்டமாக முட்டி மோதி உள்ளே நுழைவது என்று இன்னொரு பொருள் உண்டு என்று யாரும் விளக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது, ஏற்கெனவே தெரியும் என்று நினைத்த சொற்கள் காலை வாரியது. 'லைவ் ரவுண்ட்ஸ்' என்று படித்துவிட்டு ஏதோ நேரலை ஒளிபரப்பு என்று நினைத்தேன். நிஜத் தோட்டா, ரப்பர் குண்டு அல்ல. 'சாங்ஷன்' அதைவிட மோசம். நம் ஊரில் லோன் சாங்ஷன் ஆனால் லட்டு வாங்கிக் கொடுப்போம், ஒரு நாட்டின் மேல் சாங்ஷன்ஸ் வந்தால் அந்த நாட்டின் பேங்க் கணக்கு முடங்குகிறது. ஒரே சொல், அனுமதியும் அதுதான் தடையும் அதுதான். கர்ஃபியூ என்ற சொல் நமக்குப் பழக்கம், ஆனால் பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்பதிலிருந்து வந்தது என்று ஒரு பிடிஎஃப்பின் ஓரத்தில் போட்டிருந்தார்கள், அன்றைக்கு மட்டும் கொடுத்த காசு செரித்தது.

இனி குறைகள். முதலில் சின்னது. குரல் பதிவு செய்தவர் ராணுவப் புரட்சிக்கான சொல்லை மூன்று மாதமும் 'கூப்' என்றே படித்தார். சி, ஓ, யு, பி என்று எழுதினாலும் கடைசி எழுத்துக்குச் சத்தமே கிடையாது, 'கூ' அவ்வளவுதான், சேவல் கூவுகிற கூ. நான் அதை நம்பி ஒரு வீடியோ மீட்டிங்கில் 'கூப்' என்று சொல்லி, எதிரே இருந்த பையர் ஏதோ கோழிக்கூடு சங்கதி என்று புரிந்துகொண்டு ஒரு நொடி முழித்தார். ஆங்கிலத்தில் கோழிக்கூடும் அந்தச் சத்தம்தான்.

பெரிய குறை அந்தக் கட்டம். 'இதே பொருள் தரும் பிற சொற்கள்' என்று ப்ரொடெஸ்ட், அஜிடேஷன், அன்ரெஸ்ட், ரயட், அப்ரைசிங் ஐந்தையும் ஒரே வரிசையில் போட்டு, தமிழில் 'போராட்டம் / கலவரம்' என்று ஒரு சாய்கோட்டோடு முடித்துவிட்டார்கள். நானும் மனப்பாடம் செய்தேன், தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன்.

அப்புறம்தான் வங்கதேசம் வெடித்தது. விடுதலைப் போராட்ட வீரர் குடும்பங்களுக்கான 30 சதவீத வேலை ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்ததில் தொடங்கிய மாணவர் போராட்டம். ஜூலை நடுவில் சாவுகள், ஊரடங்கு, இணையத் துண்டிப்பு. டாக்கா ஆபீசிலிருந்து எங்களுக்கு நாள்கணக்கில் ஒரு மெயிலும் வரவில்லை. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா இந்தியாவுக்குத் தப்பி வந்தார். எங்கள் பக்கத்தில், சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆர்டர் இங்கே திரும்புமா என்று டீக்கடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் நிலுவையில் இருந்த ஒரு ஷிப்மெண்டைப் பற்றி எழுதும்போது, 'உங்கள் ஊர் ரயட்ஸ் காரணமாக' என்று தொடங்கினேன். பிராப்ளம் என்று எழுதாமல் புதுச் சொல் போட்டதில் ஒரு திருப்தி வேறு.

அந்தப் பக்கம் இருப்பவர் என்னைவிட மூத்தவர், எந்த மெயிலையும் 'பாய்', அதாவது சகோதரா, என்று தொடங்குபவர், சண்டைக்கு வருகிற ஆளே அல்ல. பதிலில் ஷிப்மெண்ட் விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் மூன்று வரி: 'பாய், ரயட் என்று எழுத வேண்டாம். என் மகளோடு படித்த பையன் செத்திருக்கிறான். நாங்கள் அப்ரைசிங் என்கிறோம்.' ரயட் என்றால் கும்பல் கலவரம், அப்ரைசிங் என்றால் மக்கள் எழுச்சி. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த மெயிலுக்கு மட்டும் எந்தச் சொல்லைப் போடுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜூலை 1-இலிருந்து ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், பெரும்பாலானவர்கள் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் இறந்தவர்கள் என்று 2025 பிப்ரவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அதைப் படித்தபோது மறுபடியும் அந்தக் கட்டம்தான் ஞாபகம் வந்தது.

டாக்காக்காரரின் அந்தப் பதிலை அப்போதே வகுப்புக் குழுவில் போட்டிருந்தேன். வந்த பதில்: இரண்டுக்கும் மீனிங் ஒன்றுதான் சார், எக்சாமில் இப்படி எல்லாம் கேட்க மாட்டார்கள்.

மீனிங் ஒன்றுதானா? அதே வகுப்பின் பழைய பிடிஎஃப் ஒன்றில் ஹாங்காங் செய்தி இருந்தது. சீனாவுக்குக் குற்றவாளிகளை ஒப்படைக்க வழி செய்யும் மசோதாவை எதிர்த்து 2019-இல் நடந்த போராட்டம். ஜூன் 12 அன்று சட்டமன்றத்தைச் சுற்றிக் கூட்டம், கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு. போலீஸ் தலைவர் அதை 'ரயட்' என்றார். வெறும் வசவு அல்ல அது, ஹாங்காங் சட்டத்தில் ரயட் குற்றத்துக்குப் 10 ஆண்டு வரை சிறை. அதனால் போராட்டக்காரர்கள் வைத்த ஐந்து கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா, 'ரயட் என்று சொன்னதைத் திரும்பப் பெறு' என்பதுதான். ஒரு ஊரே ஒரு சொல்லை எதிர்த்து வெயிலில் நின்றிருக்கிறது, நம் பிடிஎஃப் அதே செய்தியின் அடியில் ரயட் சமம் ப்ரொடெஸ்ட் என்று கட்டம் போட்டிருக்கிறது! செய்தி ஏஜென்சியான ஏபி 2020-இல் தன் நடைக் கையேட்டில் இந்தச் சொற்களுக்காகவே தனிக் குறிப்பு சேர்த்தது: ரயட்டைப் பார்த்துப் போடுங்கள், அன்ரெஸ்ட் அதைவிட மங்கலான, மென்மையான சொல் என்று. தலைப்பு எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களே தயங்குகிற இடத்தில் நாம் இருபதுக்குப் பதினெட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஹாங்காங்கையே இன்னும் கொஞ்சம் தொடர்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுத் தலையீடு பற்றிய சொற்கள் முழுக்க அங்கே கிடைக்கின்றன. பெய்ஜிங் ஆரம்பத்திலிருந்தே அந்நிய சக்திகள் என்றது. நவம்பர் 27 அன்று அமெரிக்கா ஹாங்காங் மனித உரிமைச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டது. அமெரிக்காவின் வாயில் அது 'சப்போர்ட்', சீனாவின் வாயில் அது 'இன்டர்ஃபியரன்ஸ்'. எந்தப் பக்கமும் சாராத மாதிரி எழுத நினைப்பவர் 'இன்டர்வென்ஷன்' என்பார், கடுப்பில் இருப்பவர் 'மெட்லிங்' என்பார், மெட்லிங் என்றால் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது. 2020 ஜூன் 30 அன்று வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் நான்கு குற்றங்களைச் சொன்னது: செசெஷன் (பிரிந்துபோவது), சப்வர்ஷன் (ஆட்சியைக் கவிழ்ப்பது), டெரரிசம், அந்நிய சக்திகளோடு கொலூஷன். இந்தக் கடைசிச் சொல்லுக்கு நம் பிடிஎஃப் கொடுத்த பொருள் 'ஒத்துழைப்பு'. தமிழில் கூட்டுக்களவாணித்தனம் என்று அச்சு அசலாக ஒரு சொல் இருக்கும்போது! குழுவில் ஒரு நண்பர் பயிற்சி வாக்கியமாக 'எங்கள் கம்பெனியும் உங்கள் கம்பெனியும் நீண்ட நாள் கொலூஷனில் இருக்கின்றன' என்று எழுதினார். ஆசிரியர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். அந்த நண்பர் அதை நிஜ மெயிலில் போடாமல் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

நமக்கும் தெரியாத சங்கதி அல்ல இது. இந்திரா காந்தி காலத்தில் எதற்கெடுத்தாலும் 'ஃபாரின் ஹேண்ட்' என்றார்கள். 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் எரிவாயு விலையை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் பெரிதானபோது, அதிபர் கேட்டு ரஷ்யா தலைமையிலான படைகள் இறங்கின, பெயர் 'பீஸ்கீப்பர்ஸ்'. நம் பிடிஎஃப் 'அமைதி காப்பவர்கள்' என்று பொருள் கொடுத்தது, சரிதான். ஆனால் 1987-இலிருந்து 1990 வரை இந்திய அமைதிப்படை இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் வேறு ஒரு பொருள் தெரியும்.

கூ என்ற சொல்லும் அப்படித்தான். 2013 ஜூலை 3 அன்று எகிப்து ராணுவம் தேர்தலில் வென்று வந்த அதிபர் முகமது முர்சியை இறக்கியது. பலரும் கூ என்றபோது அமெரிக்க அரசு அந்தச் சொல்லைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. காரணம் இலக்கணம் அல்ல, பணம். தேர்ந்தெடுத்த அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்தியாக வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது, எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்தது ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி. வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, ராணுவம் ஜனநாயகத்தை மீட்டுக்கொண்டிருந்தது என்றே பேசினார். ஒற்றை எழுத்துச் சத்தத்துக்கு 130 கோடி டாலர் விலை. இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எவனாவது அந்தச் சொல்லை மறப்பானா?

சரி, இலவசங்களுக்கு வருகிறேன். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 'நியூஸ் ரிவ்யூ' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது, பிறகு 'லேர்னிங் இங்கிலீஷ் ஃப்ரம் தி நியூஸ்' என்று பெயர் மாறியது. ஒரு பெரிய செய்தியை எடுத்து, அதற்கு வெவ்வேறு பத்திரிகைகள் வைத்த தலைப்புகளைத் திரையில் காட்டி, தலைப்பில் உள்ள சொல்லை உடைத்து விளக்குவார்கள், அதே சொல்லை அன்றாடப் பேச்சில் எங்கே போடலாம் என்றும் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ஒரே சம்பவத்துக்கு நாலு தலைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், இவன் ஏன் 'கிராக்டவுன்' என்கிறான், அவன் ஏன் 'கிளாஷ்' என்கிறான் என்ற கேள்வி தானாக வரும். கிளாஷ் என்றால் மோதல், இரண்டு பக்கமும் சமமாக அடித்துக்கொண்ட மாதிரி. கிராக்டவுன் என்றால் ஒருவன் அடிக்கிறான், ஒருவன் வாங்குகிறான். நம் பத்திரிகைகளின் 'துப்பாக்கிச் சூட்டில் பலி' என்ற தலைப்பையும் இப்போதெல்லாம் நிறுத்திப் படிக்கிறேன், சுட்டது யார் என்று அதில் இருக்காது. பிபிசியில் சங்கடம், வேகம் கொஞ்சம் அதிகம், தமிழ் விளக்கம் கிடையாது, தொடக்க நிலையில் இருப்பவர் மூச்சு வாங்குவார்.

அவர்களுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் லேர்னிங் இங்கிலீஷ். 1959 அக்டோபரில் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற பெயரில் தொடங்கியது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்களுக்குள், குட்டிக் குட்டி வாக்கியமாக, சாதாரணச் செய்தி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் படிப்பார்கள். கட்டுரையின் கடைசியில் கடினச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே எளிய பொருள். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போனால் அவிநாசி வருவதற்குள் ஒரு செய்தி முழுசாகப் புரிந்திருக்கும், அந்த நிம்மதியை அனுபவித்தால்தான் தெரியும். ஆனால் 2025 மார்ச்சில் ட்ரம்ப்பின் ஆணையால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவே முடக்கப்பட்டு ஊழியர்கள் கூட்டமாக விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். நான் கேட்பது பழைய பதிவுகளைத்தான். சொல்லுக்குப் பழசு புதுசு கிடையாது, நான் சொன்ன அந்த ஐம்பது அறுபதும் பழைய பதிவுகளிலேயே இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் திட்டிய பிடிஎஃப்புக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1942-இல் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு தொடங்கிய வானொலி. பிபிசி ஆங்கிலம் கற்றுத்தரத் தொடங்கியதும் 1943-இல், அதே போரின் நடுவில், இன்றைக்கும் அதன் உலக சேவைக்குப் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பணம் போகிறது. ஆக, தலையீடு என்றால் என்ன என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களும் இன்னொரு நாட்டு அரசின் காசில்தான் எடுக்கிறார்கள். அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டாம், ஓசியில் வருகிற நல்ல பாடம். கூடவே ஒரு நாள் சீன அரசு டிவியான சிஜிடிஎன், ஒரு நாள் கத்தாரின் அல் ஜசீரா, இரண்டின் தலைப்புகளையும் அதே சம்பவத்துக்கு எடுத்துப் பாருங்கள். நான் வாரம் ஒரு சம்பவம் எடுக்கிறேன், ஞாயிறு மதியம், கறிக்குழம்புக்கு அப்புறம். நோட்டில் மூன்று பத்தி: சொல், பொருள், யார் சொன்னது. மூன்றாவது பத்தி நிரம்ப நிரம்ப முதல் இரண்டும் மனப்பாடமாகிவிடுகின்றன. அரசாங்கத்துக்கு 'கவர்ன்மெண்ட்' என்றும் 'ரெஜீம்' என்றும் இரண்டு சொல் இருப்பது எதற்கு என்று இந்த நோட்டைப் பார்த்தால் பத்தாவது படிக்கிற என் அக்கா பையனுக்கே புரிகிறது. பிடித்த அரசு கவர்ன்மெண்ட் மாமா, பிடிக்காத அரசு ரெஜீம் என்றான்.

அப்படியானால் காசு கட்டிச் சேரவே கூடாதா? பேங்க் தேர்வு, எஸ்எஸ்சி மாதிரி எழுதுபவர்கள் சேரலாம், அங்கே கேட்பது கோடிட்ட இடம்தான், அதற்கு இந்தக் கட்டம் போதும். தினமும் காலையில் ஒருத்தன் தள்ளிவிட்டால்தான் படிப்பேன் என்கிற ஜாதி நான், அந்த வகையில் மூன்று மாதமும் ஒரு நாள்கூடப் பிடிஎஃப் தவறாமல் வந்தது, அதை மறைக்கக் கூடாது. தமிழ்ப் பொருள் கொடுப்பதும் தொடக்கத்தில் பெரிய கைத்தாங்கல். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன், குரல் பதிவைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவரை வைத்துச் செய்தால் மூன்று. வேலைக்காக, மெயிலுக்காக, மனிதர்களோடு பேசுவதற்காகப் படிப்பவர்கள் அந்த 1,499-ஐ இணைய டேட்டாவுக்குப் போட்டுவிட்டு பிபிசி பக்கம் போகலாம்.

டாக்காக்காரரோடு இப்போதும் மெயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் 'பாய்' தான். வகுப்பில் பாதிப் பணமாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன், சேர்ந்த ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம்.